கற்பிக்கும் ஊர் டாக்டர்

சென்னையிலிருந்து நெல்லூருக்கு ரயிலேறும் நம்மவர்கள் சூளூர்பேட்டையை அறிவார்கள். அருகே புலிக்காட்டு ஏரி; அதற்கப்பால், ராக்கெட்டுகள் விண்ணேறும் ஸ்ரீஹரிகோட்டா. விண்ணைத் தொடும் அவ்வட்டாரத்திலும், பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் முதலில் வேண்டப்படுபவர் கைதேர்ந்த ஒரு டாக்டரே.

திருப்பதியில் 1960-ல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. ஆயினும், பெரிய ஆஸ்பத்திரியில் கருவிகளின் நடுவே மட்டும் பயின்றவர், கையும் காதுமே கருவியாகும் இடத்தில் திகைப்பது இயல்பு. ஆகவே, மேற்பட்ட மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டுமென்று 2020-ல் விதி வகுத்தனர்.

மாணவர் வருகிறார், கற்பிப்பவர் யார்? நோயாளிகளின் நீண்ட வரிசையையும் கவனித்துக்கொண்டு பாடம் சொல்லும் அவ்வூர் டாக்டர்தாம். தெலுங்கில் ஒருவரையும் தமிழில் மற்றொருவரையும் அவர் விசாரிக்கும் பக்குவத்தை எந்த நூல் கற்பிக்கும்?

அவருக்கு நாம் தரும் கைம்மாறு என்ன? கிராமப் பணிக்கு மேற்படிப்பில் சலுகை உண்டு. பணியிலுள்ள டாக்டர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டென 2020-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2025-ஆம் ஆண்டு விதிகளின்படி, 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனையில் பத்தாண்டு பணியாற்றிய நிபுணர் இணைப் பேராசிரியராகலாம். சிறிய ஆஸ்பத்திரிகள் இக்கணக்கில் சேரா.

ஊக்கத்தொகை நன்று, கௌரவ ஆசிரியர் என்னும் பெயரும் நன்று. அவற்றினும் நன்று, அவர் கற்பிக்கும் வேளையில் வரிசையைக் கவனிக்க இன்னொரு டாக்டரை அனுப்புவது. ஆசிரியருக்கு நேரம் தராமல் மாணவரை மட்டும் அனுப்பினால், காத்திருக்கும் நோயாளியே அதன் விலையைக் கொடுப்பார். அந்த வரிசையில் நம்மவர்களும் நிற்கிறார்கள்.