"பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள்

(கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆட்டிசம் பற்றிப் பேச நான் டாக்டர் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசுப் பணியில் 35 வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன். என் தங்கையின் பேரனுக்கு இரண்டேகால் வயதில் ஆட்டிசம் என்று உறுதியாயிற்று. அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக அந்தக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ட்டிபிகேட் அலுவலகம் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். இன்று நான் முக்கியமாகப் பேச விரும்புவது பெற்றோரிடம் அல்ல. என் வயதுக்காரர்களான தாத்தா பாட்டிகளிடம்தான்.

காரணம் இருக்கிறது. குழந்தையிடம் ஏதோ வித்தியாசம் இருப்பதை முதலில் கவனிப்பவள் பெரும்பாலும் தாய். "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறானே" என்று அவள் வாயெடுத்தவுடன் பதில் சொல்வது நாம்தான். "உன் ஆத்துக்காரனே மூணு வயசுக்கப்புறம்தான் பேசினான்." "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்." "ஐன்ஸ்டீனே லேட்டாத்தான் பேசினாராம்." அன்பினால் சொல்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் தாமதமாகப் பேசிய குழந்தைகள் எல்லோரும் ஐன்ஸ்டீன் ஆகிவிடவில்லை. நாம் ஆறுதலாகச் சொல்லும் ஒரு வார்த்தை, குழந்தையின் இரண்டு வருஷத்தை விழுங்கிவிடக்கூடும்.

கவனிக்க வேண்டியவை எவை? ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது. ஒன்றரை வயதாகியும் "அதோ பார்" என்று விரல் நீட்டிக் காட்டாதது. 16 மாதத்தில் ஒற்றைச் சொல்லும், இரண்டு வயதில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல்லும் வராதது. கண்ணோடு கண் பார்க்காதது. பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டே இருப்பது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வந்த பேச்சு நின்றுபோவது. அது எந்த வயதானாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதாலேயே ஆட்டிசம் என்று ஆகிவிடாது. ஆனால் பார்த்துவிடுவது அவசியம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பரிசோதித்து ஒன்றுமில்லை என்றால் நமக்கு நஷ்டம் சில நாள் அலைச்சல். இருந்தும் பரிசோதிக்காமல் விட்டால் நஷ்டம், மூளை வேகமாக வளரும் ஆரம்ப வருஷங்கள். அவை திரும்பி வரா.

இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் விசேஷ டாக்டர், மனநல மருத்துவர், உளவியல் நிபுணர் ஆகியோர் குழந்தையின் நடத்தையைக் கவனித்தும் பெற்றோரிடம் விசாரித்தும் தீர்மானிப்பார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ், செகந்திராபாத்திலும் சென்னை முட்டுக்காட்டிலும் உள்ள மத்திய அரசு நிறுவனங்கள், டில்லியில் 1991 முதல் இயங்கும் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. மத்திய அரசு 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பல மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஆரம்ப நிலைச் சிகிச்சை மையங்களும் உண்டு. எங்கள் குழந்தையை முதலில் பார்த்த டாக்டர், "நாலு வயசு ஆகட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அவனுடைய அம்மா அதை ஏற்காமல் இரண்டாவது டாக்டரிடம் போனாள். அதுதான் அவனுக்கு நன்மையாக முடிந்தது.

அடுத்து, பழி போடும் விஷயம். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். அதன் பின் தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்ற கொள்கை இருபது வருஷம் உலவியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் எழுதிய புத்தகம் அதை மறுத்தது. இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, பரம்பரைக் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெளிவு. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் லான்செட் பத்திரிகையில் கிளம்பிய கட்டுரையை அந்தப் பத்திரிகையே 2010இல் வாபஸ் வாங்கிவிட்டது. விஞ்ஞானம் கைவிட்ட பழியை நம் வீட்டுக் கூடத்தில் மாட்டுப்பெண் தலையில் போடலாமா? "வேலைக்குப் போனாள், குழந்தையைக் கவனிக்கவில்லை" என்று சொல்வதும் அதே பழிதான்.

வெளியூர்களில் வாழும் நமக்கென்றே ஒரு பிரச்னை உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி அல்லது மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ். "குழப்பாதீர்கள், தமிழை நிறுத்துங்கள்" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதுமில்லை, இருப்பது அதிகமாவதுமில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பாட்டிக்குச் சரளமாக வருவது தமிழ். அதை நிறுத்தினால் குழந்தையோடு பேச வீட்டில் ஓர் ஆள் குறைகிறது, அவ்வளவுதான். எங்கள் பையன் நாலு வயதில் முதன்முதலில் கேட்டுப் பெற்றது "தீர்த்தம்". அவன் பாட்டியின் சொல் அது.

கோவிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். நானும் போகிறேன். ஆனால் பரிகாரம் முடியட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அதேபோல "முழுக் குணம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி, வீட்டில் பெற்றோர் தினமும் செய்யும் பழக்கம் இவைதான் வழி. எங்கள் பையன் இன்று சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறான், தானே குளித்துச் சாப்பிடுகிறான். ஒன்பது வருஷத்து உழைப்பின் பலன் அது.

இனி என் துறை, அதாவது காகித விஷயம். 1995ஆம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் அதை அங்கீகரித்தது. 2016ஆம் வருஷச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் என்று சான்றிதழ் கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. மத்திய அரசில் வேலை பார்க்கும் தாய்க்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இத்தகைய குழந்தைக்கு அதில் வயது வரம்பு கிடையாது. நிர்வாகத் தேவைக்கு உட்பட்டு, வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று 2014இல் ஆணை வந்திருக்கிறது. சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு, பெற்றோர் காலத்துக்குப் பின் ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. பெற்றோர் இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். 18 வயதுக்குப் பின் கார்டியன் நியமிக்க, மாவட்ட அளவிலான நேஷனல் டிரஸ்ட் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற கவலைக்கு இவை முழுப் பதில் அல்ல. ஆனால் பதிலின் முதல் பக்கம் இவைதான்.

சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், அக்காவின் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று தயங்கும் குடும்பங்களை அறிவேன். தயக்கத்துக்கு நாமும் காரணம். விசேஷத்துக்கு அழைக்கும்போது "அவனை யாரிடமாவது விட்டுட்டு வாங்கோ" என்று சொல்வது யார்? கெட்டிமேளச் சத்தம் அவனுக்குத் தாங்காது என்றால், மண்டபத்தில் ஓர் அறையை அமைதியாக ஒதுக்கிக் கொடுங்கள். அவன் கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள். பூணூல் போடும் வயது வந்தால், அவன் தாங்கும் அளவுக்குச் சுருக்கமாகச் செய்துவைக்க இசையும் வாத்தியார்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். ஓய்வு பெற்ற நம்மிடம் இளையவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அது நேரம். ஆஸ்பத்திரி வரிசையில் காலை ஏழு மணிக்குப் போய் நிற்க நம்மால் முடியும். படிவம் நிரப்பவும், திருப்பி அனுப்பிய மனுவுக்குப் பதில் எழுதவும் நமக்குத் தெரியும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் இதற்கென்று முன்வந்து, தங்கள் ஊரிலுள்ள மையங்களின் பட்டியலைத் தயாரித்து வைத்தால் போதும். அடுத்த முறை ஒரு தாய் நம்மிடம் தன் சந்தேகத்தைச் சொல்லும்போது, "பொறுத்துப் பார்க்கலாம்" என்பதற்குப் பதிலாக, "நாளைக்கே போகலாம், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.