நடுங்காத குழந்தை

குளிர் தாக்கினால் நமக்கு உடம்பு வெடவெடக்கிறது. தசைகள் துடித்துச் சூடு உண்டாக்குகின்றன. பிறந்த குழந்தையோ அவ்வளவாக நடுங்குவதில்லை. 37 டிகிரி கருப்பையிலிருந்து ஈர உடம்போடு 25 டிகிரி அறைக்குள் வந்து விழும் அந்தச் சின்ன உயிர் தன் சூட்டை எப்படிக் காத்துக்கொள்கிறது? தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் அதற்குப் பழுப்புக் கொழுப்பு உண்டு. வெள்ளைக் கொழுப்பு சேமிக்கும், இது எரிக்கும். இதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கின்றன; அவற்றிலுள்ள இரும்புதான் பழுப்பு நிறம் தருகிறது. அவற்றுக்குள் யூசிபி1 என்றொரு புரதம். அணை நீரை மின்சாரம் எடுக்க விடாமல் மதகைத் திறந்துவிடுவதுபோல, உணவின் ஆற்றலை அது வெப்பமாகவே வெளியேற்றிவிடுகிறது. கைகால் சில்லிட்டுப்போன குழந்தைக்கும் பிடரிக்குக் கீழே கதகதப்பு மிஞ்சியிருப்பது இதனால்தான்.

இந்தப் பழுப்புக் கொழுப்பு அடுப்பு எரியத் தைராய்டு ஹார்மோனும் வேண்டும். அதை மூட்டுவது நரம்புதானே, ஹார்மோனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூளையின் ஹைப்போதலாமஸ் ஆணையிட, நரம்பு நுனிகள்தான் நார்அட்ரினலினை அங்கே சுரக்கின்றன. ஆனால் தீக்குச்சி உரசினால் போதுமா, விறகு காய்ந்திருக்க வேண்டாமா? காயவைப்பது தைராய்டு ஹார்மோன். ரத்தத்தில் வரும் அதன் டி4 வடிவத்தை வீரியம் மிகுந்த டி3 ஆக மாற்றிக்கொள்ளும் நொதி பழுப்புக் கொழுப்பிலேயே இருக்கிறது. தைராய்டு நீக்கிய எலிகளுக்கு நரம்பு இருக்கிறது, நார்அட்ரினலினும் சுரக்கிறது. ஆனாலும் கடுங்குளிரில் அவை தாங்காமல் செத்துப்போகின்றன. அப்படியானால் இந்த அடுப்பு இல்லாமல் பிழைக்கவே முடியாதா, யூசிபி1 இல்லாமல் பன்றி வாழவில்லையா என்றால், வாழ்கிறதுதான். அதன் மூதாதைகளிடம் அந்த மரபணு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சிதைந்துவிட்டது. ஆனால் குட்டிகள் பிறந்ததுமே நடுங்குகின்றன. காட்டுப்பன்றி ஈனும் முன்பே புல்லும் தழையும் சேர்த்துக் கூடு கட்டுகிறது. பண்ணைக்காரர் குட்டிகளுக்கு மேலே வெப்ப விளக்கைத் தொங்கவிடுகிறார்.

நேரம் நெருங்குகிறது, பெற்றோருக்கு இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிறந்த அரை மணி நேரத்தில், குளிர் பட்ட வேகத்தில், குழந்தையின் ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் கிடுகிடுவென ஏறுகிறது. குறைமாதக் குழந்தைக்கு இந்த ஏற்றமும் மந்தம், பழுப்புக் கொழுப்பும் குறைவு. அதனால்தான் அதைத் தாயின் மார்போடு தோல் படக் கிடத்துகிறார்கள். குதிகாலில் ஊசி குத்தி எடுக்கும் தைராய்டு பரிசோதனையைப் பெரும்பாலும் 48 மணி நேரம் கழித்துச் செய்வதும் டிஎஸ்எச்சின் இந்த ஏற்றத்தால்தான்: முதல் நாளில் எண் எகிறி நின்றால் அது நோயாக இருக்க வேண்டியதில்லை, குழந்தை தன் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கலாம்.