நன்னடத்தையும் ஒரு பாடமே
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடத்து நன்னடத்தையை வளர்க்கும் வகை யாது என்பதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். இவ்விஷயத்தை எடுத்தவுடனே, "அடியாத மாடு படியாது" என்று சொல்லும் பெரியவர்கள் இந்தச் சபையிலும் இருப்பார்கள். மாட்டைப்பற்றி மாட்டுக்காரர் பேசட்டும். பிள்ளையைப்பற்றி நாம் பேசுவோம்.

சிறுவர் உரிமைகள்பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலும், மறுபடி 2016 இலும் சுற்றறிக்கை விடுத்தது. அதன் பின்னரும் தென் மாகாணத்துப் பாடசாலையொன்றிலே ஆசிரியர் அறைந்த அறையினால் ஒரு மாணவனுடைய செவி பழுதாயிற்று. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அம்மாணவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. ஆசிரியரும் அரசும் நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. ஆகவே பிரம்பு வேண்டுமா வேண்டாமா என்பது முடிந்துபோன விவாதம். பிரம்பைக் கீழே வைத்த கை இனி எதை எடுப்பது என்பதே முடியாத கேள்வி. பல இடங்களிலே அந்தக் கை ஒன்றையும் எடுக்கவில்லை. பிரம்பிருந்த இடத்தைக் கூச்சல் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

நம் முன்னோர் இதில் என்ன செய்தார்கள்? அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியிலே கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர், திண்ணைப் பள்ளிக்கூடங்களைப்பற்றி 1823 இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதிலே ஒரு வழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. காலையில் முதலாவதாக வரும் பிள்ளையின் உள்ளங்கையிலே உபாத்தியாயர் சரஸ்வதியின் பெயரை எழுதுவார், அது மரியாதை. இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுழி, புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாவது பிள்ளைக்கு மெதுவாக ஓர் அடி, நான்காவது பிள்ளைக்கு இரண்டு; இப்படியே ஏறிக்கொண்டு போகும். நல்லதைக் கண்டு கொண்டாடும் வித்தை அந்த உபாத்தியாயருக்குத் தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் சரஸ்வதியை ஒரே ஒரு கைக்குத்தான் கொடுத்தார். கடைசியாக வந்த குழந்தை யார்? தூரத்து வீட்டுக் குழந்தையாயிருக்கலாம். தம்பியைச் சுமந்துகொண்டு வந்த குழந்தையாயிருக்கலாம். அடி அதை விசாரிப்பதில்லை.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களை இயற்றினார். எழுத்தைப்போலவே ஒழுக்கமும் படிப்படியாகக் கற்பிக்க வேண்டிய பாடம் என்று கண்டது அவர் பெருமை. நாமோ அப்பாடத்தைப் புத்தகத்துக்குள்ளேயே விட்டுவிட்டோம். "பொறுமை பெருமை தரும்" என்று அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, இடைவேளை மணி அடித்தவுடன் தண்ணீர்ப் பைப்படியில் முன்னால் நிற்பவனைத் தள்ளுகிறது. அது கெட்ட பிள்ளையன்று. பைப்படியிலே பொறுமை என்பது எப்படியிருக்கும் என்று அதற்கு ஒருவரும் காட்டவில்லை.

இந்த இடத்திலேதான் அமெரிக்க தேசத்து ஒரிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அறிஞர்கள் சென்ற நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறை நமக்குப் பயன்படுகிறது. பாடசாலை முழுவதற்கும் மூன்று முதல் ஐந்துவரையான எதிர்பார்ப்புகள் போதும் என்கிறார்கள் அவர்கள். அவற்றை "செய்யாதே" என்று சொல்லாமல் "செய்" என்று சொல்ல வேண்டும். "ஓடாதே" என்றால் தரம் ஒன்றுப் பிள்ளை நிற்பதா, தாவுவதா? "நடந்து போ" என்றால் விளங்கும். பின்பு அவ்வெதிர்பார்ப்பு ஒவ்வோரிடத்திலும் எப்படியிருக்கும் என்று, பிள்ளைகளை அந்தந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டுபோய்ச் செய்துகாட்டிப் பழக்க வேண்டும். பைப்படியில், மலசலகூடத்தில், மாடிப்படியில், ஸ்கூல் வானில். அதிபர் முதற்கொண்டு சிற்றுண்டிச்சாலை அம்மா வரையில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு ரீச்சர் சிரித்துவிட்டுப் போவதற்கு மற்றொரு ரீச்சர் தண்டித்தால், பிள்ளை கற்பது ஒழுக்கமன்று. எந்த ரீச்சர் வருகிறார் என்று பார்க்கும் சாமர்த்தியம். மேரிலாந்து மாநிலத்திலே 37 ஆரம்பப் பாடசாலைகளில் இதைச் சோதித்தார்கள். இம்முறையைக் கைக்கொண்ட பாடசாலைகளிலே, குற்றத்துக்காகக் காரியாலயத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் தொகை குறைந்தது.

இனிப் பாராட்டு. பிள்ளையைப் புகழ்ந்தால் நாவூறு படும் என்று அஞ்சுகிற சமூகம் நம்முடையது. அதற்கும் வழியுண்டு. பிள்ளையைப் புகழாமற் செயலைப் புகழுங்கள். "கெட்டிக்காரன்" என்பதிலும், "விழுந்த கொப்பியை எடுத்துக் கொடுத்தாயே, நல்லது ராசா" என்பது மேல். செயலுக்கு நாவூறு படாது! பரிசையும் நட்சத்திரச் சீட்டையும் மட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். விருப்பத்தோடு படம் வரைந்துகொண்டிருந்த பாலர் வகுப்புப் பிள்ளைகளிற் சிலருக்கு, வரைந்தாற் பரிசு என்று முன்கூட்டிச் சொன்னார்கள். பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. 1973 இல் வெளியான ஆராய்ச்சி அது. எதிர்பாராமற் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறை உண்டாகவில்லை.

கொம்பனித்தெருவுக்கு இது ஏன் அவசரம் என்று கேட்கலாம். ஒழுங்கைகளிலும் தோட்டங்களிலும் வளர்ந்த பிள்ளைக்கு ஆயிரம் கண்கள் காவலிருந்தன. பக்கத்து வீட்டு மலாய் மாமியும், எதிர்வீட்டுச் சிங்கள அக்காவும், கடை நானாவும் ஒரே விதமாக அதட்டினார்கள்; ஒரே விதமாகத் தட்டிக்கொடுத்தார்கள். அவ்வீடுகள் பல இடிபட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. கதவு சாத்திய வீட்டுக்கு அந்தக் கண்கள் வருவதில்லை. எல்லாப் பெரியவர்களும் ஒரே சொல்லைச் சொல்லும் இடம் இனிப் பாடசாலை ஒன்றுதான்.

அரசாங்கப் பாடசாலையை நாம் நடத்தவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு நம் கையிலே இருக்கிறது. வருகிற தவணையிலே முதல் இரண்டு ஞாயிறுகளைத் தேவாரத்துக்கு முன்பாக இதற்கே ஒதுக்குவோம். செருப்பு வைக்கும் இடம், பிரசாத வரிசை, படியிறக்கம், இம்மூன்றும் போதும். ஒரு குறிப்பேடும் வேண்டும். சண்டை எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு என்று மாத்திரம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். நாலு வாரமும் சண்டை பிரசாத வரிசையிலே என்று குறிப்பேடு சொன்னால், பிள்ளைகளைத் திருத்துமுன் வரிசையை இரண்டாக்கிப் பார்ப்போம். அதை எழுத வாலிபர் இருவர் பெயர் கொடுத்தாற் போதும். கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் கொடுக்கலாம்.