வயல் கொசுவும் மூளைக்காய்ச்சலும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ் ஏறினால், டோல்கேட் தாண்டி நெல்வயல்கள் வரும். தேங்கிய தண்ணீர், நடுவே கொக்குகள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு. அந்தக் காலத்தில் காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். பாவம், அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், நம் வேலூரில்.

கொக்கிடமும் பன்றியிடமும் கிருமி பெருகும். வயல் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவரும். கவனியுங்கள், கொசுதான் கொண்டுவரும். நோயாளியைத் தொட்டால் ஒட்டாது. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தயங்காமல் உட்காரலாம்.

அந்தி சாய்ந்ததும் இந்தக் கொசு கடிக்க வரும். அப்போது பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். நோய் பரவும் மாவட்டங்களில் ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதில் இன்னொன்று என அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் இன்றே கேளுங்கள்.