பிலிம் சுருள் அழியலாமா?
(ஆலங்குளம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் இங்கே பலர் உண்டு. அந்தப் படங்கள் இன்று எங்கே? 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1933-ல் எடுத்த ஊமைப்படம் ‘மார்த்தாண்ட வர்மா’ பிழைத்தது. காரணம், பூனா சினிமா ஆவணக் காப்பகம் அதன் சுருளைக் காத்தது.

நல்ல பிலிமைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் நூறாண்டும் நிற்கும். டிஜிட்டல் படத்தையோ சில ஆண்டுக்கொரு முறை புதிய கருவிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1967-ல் ஊட்டியில் உற்பத்தி தொடங்கிய அரசாங்கப் பிலிம் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. பிலிம் செய்த கைகள் வீட்டுக்குப் போயின. மிஞ்சிய சுருள்களாவது பிழைக்க வேண்டாமா? தமிழ்ப் படங்களுக்கு அரசாங்கம் குளிர் காப்பறை அமைக்கட்டும். நாம் சிரித்து அழுத படங்கள் நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்!