விசுவாசத்தைத் தராசில் நிறுக்கலாமா?

(திருகோணமலைக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றப்பட்ட உரை)



மலைநாட்டிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து களைத்துப்போய் இருக்கிறீர்கள். ஆகவே நீண்ட பிரசங்கம் செய்யப் போவதில்லை. உங்களில் சைவ சமயத்தவரும் இருக்கிறீர்கள். விசுவாசம் என்று கிறிஸ்தவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு வைப்பதில் உங்களுக்கும் நஷ்டமொன்றும் வராது.

தோட்டத்தில் பேர் போடுகிற முறையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்தை நிறுக்கிறார்கள். குறித்த கிலோ இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, மலையிலே கொழுந்தே இல்லை என்று சொன்னால் தராசுக்குக் கேட்குமா? கேட்காது. நம்மில் அநேகர் விசுவாசத்தையும் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இத்தனை ஜெபம், இத்தனை உபவாசம், இத்தனை காணிக்கை சேர்ந்தால் கடவுள் முழுப் பேர் போடுவார், குறைந்தால் அரைப் பேர்தான் என்று.

இதிலே ஒரு கொடுமையும் நடக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "அம்மா, உங்களுக்கு விசுவாசம் போதாமல் போச்சு, அதுதான்" என்று சொல்லுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். லயத்துக்கு லயம் இப்படிப்பட்ட பேச்சு உண்டு. அவள் ஏற்கெனவே பிள்ளையை இழந்தவள். இப்போது கடவுளையும் இழந்தேன் என்று எண்ண வைக்கிறார்கள். இது வேதத்தில் இல்லாத போதனை. அதை இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

பவுல் எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், விசுவாசத்தினால் வருகிற இரட்சிப்பு நாம் உழைத்துச் சம்பாதித்ததல்ல, கடவுளுடைய ஈவு, ஆகவே ஒருவரும் பெருமையடிக்க இடமில்லை என்கிறார். அந்த விசுவாசத்தின் தொடக்கம்கூட மனிதனுடைய சொந்த முயற்சியல்ல, அதுவும் கொடுக்கப்படுவதுதான் என்று 529ஆம் ஆண்டிலே தென் பிரான்சில் ஒறேஞ்ச் என்ற ஊரில் கூடிய ஆயர்கள் தீர்மானித்தார்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் எத்தனையோ காரியங்களில் சண்டை பிடித்திருக்கிறார்கள். இந்த ஒன்றில் சண்டையில்லை.

சரி, கொடுக்கப்படுவது என்றால் எப்படி? அதற்கு இந்தத் துறைமுகத்திலே ஒரு கதை இருக்கிறது. நீங்கள் ரொட்டி சுடுகிற பிறீமா மாவை அரைக்கிற ஆலை சீனன்குடாவில்தான் 1980 முதல் ஓடுகிறது. ஆகவே இந்தக் கரை உங்களுக்கு முற்றிலும் அந்நியமல்ல. குடாவின் தெற்குப் பக்கம் மூதூர். அங்கேதான் 1660இல் 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் முறிந்துபோய், அதைச் சரிசெய்ய வந்த கப்பல். கண்டி ராஜா இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும், 19 வயதான அவர் மகனையும், மாலுமிகள் பலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன், மகன் இரண்டு பேருக்கும் பெயர் றொபேட் நொக்ஸ்.

கைதிகளைக் கிராமத்துக்குக் கிராமம் பிரித்து விட்டார்கள். சங்கிலியில்லை, கதவில்லை, ஆனால் ஊரை விட்டுப் போக முடியாது. அவர்களுக்குச் சோறு போடுவது ஊராரின் பொறுப்பு. அந்த ஏழைக் குடியானவர்கள் கேட்டு வாங்கிய பாரமல்ல அது. தகப்பனும் மகனும் குருநாகல் பக்கத்திலுள்ள பண்டார கொஸ்வத்த என்ற இடத்தில் இருந்தார்கள். இருவருக்கும் கடும் காய்ச்சல். 1661 பெப்ரவரியில் தகப்பன் இறந்தார். எடுத்து அடக்கம் செய்ய உதவி கேட்டபோது, மாடு கட்டுகிற கயிற்றைக் கொடுத்துக் காட்டுக்கு இழுத்துப்போகச் சொன்னார்களாம். காய்ச்சலோடேயே மகன் தகப்பனுக்குக் குழி வெட்டினார்.

அவரிடம் இருந்தவை இரண்டு பக்திப் புத்தகங்கள். திரும்பத் திரும்பப் படித்து அவை கிட்டத்தட்ட மனப்பாடம். வேதப்புத்தகம் மட்டும் இல்லை. இந்த நாட்டின் நடுக்காட்டில் ஆங்கில வேதாகமம் எங்கிருந்து வரும்? ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். கிழவர் ஒருவர் கக்கத்தில் புத்தகத்தோடு அந்த வழியால் வருகிறார், உன் எஜமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று நொக்ஸின் பையனிடம் கேட்கிறார். 1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த காலத்தில் அவர் கையில் கிடைத்த புத்தகம் அது. நொக்ஸ் வாங்கித் திறந்தால், ஆங்கில வேதாகமம்! திறந்த இடம் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம். நில நடுக்கத்தில் சிறைக் கதவுகள் திறந்துபோக, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று பயந்து வாளை உருவிய சிறைக்காவலன், இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று பவுலிடம் கேட்கிற இடம். விசுவாசி என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில்.

தூண்டிலைப் போட்டுவிட்டார் மனிதன். கையில் இருந்த காசையெல்லாம் கொடுக்கத் தயாராக இருந்தார். கூட இருந்த தோழன் பொறுக்கச் சொன்னான். கடைசியில் கிழவர் கேட்டு வாங்கிப் போனது ஒரு பின்னல் தொப்பி! பின்னல் தொப்பி விற்றுத்தான் நொக்ஸ் அப்போது பிழைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கோ. அந்தத் தொப்பி அந்தப் புத்தகத்தின் விலையா? இல்லை. நொக்ஸ் ஓடைக்குப் போனது மீன் பிடிக்க. கிழவரை அவர் தேடிப் போகவில்லை. புத்தகம் அவரைத் தேடி வந்தது. அவர் செய்ததெல்லாம் கையை நீட்டியதுதான். இதைக் கடவுள் தந்ததாகவே அவர் எழுதி வைத்தார். விசுவாசம் ஈவு என்று சொல்லும்போது நான் சொல்ல வருவது இதைத்தான். கை வாங்குகிறது, கை உண்டாக்குவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகம் கிடைத்த மறுநாள் கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகும் நீண்ட வருஷங்கள் அவர் கைதிதான். ஈவு கிடைத்தவருக்குக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று சொல்லுகிறவரை நம்பாதீர்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. தொப்பி பின்னினார், கோழி ஆடு வளர்த்தார், கண்டிக்குத் தெற்கே கொஞ்ச நிலம் வாங்கினார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். (வட்டிக்குக் கொடுக்கிறவரைப் பற்றி உங்களுக்கே நல்லாத் தெரியும், நான் ஒன்றும் சொல்லவில்லை.) சாமான் மூட்டை தூக்கி ஊர் ஊராய் வியாபாரம் செய்து வழி பழகினார். 1679 ஒக்டோபரில் ஒரு தோழனோடு அனுராதபுரத்துக் காடு வழியாக நடந்து, மன்னார்க் கரையில் அரிப்புக் கோட்டையை அடைந்தார். உங்கள் பாட்டன் பூட்டன் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தார்களே, கிட்டத்தட்ட அதே காட்டு வழிதான். அவர் எதிர்த் திசையில் போனார். 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வெளியானது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஊர் திரும்பிய நொக்ஸ் மறுபடி கப்பல் தலைவனாகி, 1684இல் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தரவின்படி அடிமைகளை வாங்க மடகாஸ்கருக்குப் போனார். பத்தொன்பது வருஷம் பிறர் பிடியில் இருந்தவர், மற்ற மனிதரை விலைக்கு வாங்கக் கப்பல் ஓட்டினார். கூலி என்ற பெயரோடு கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு இது எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். ஈவைப் பெற்றவன் அதனாலேயே நல்லவனாகிவிட மாட்டான். பெற்றது இலவசம். பெற்றபின் அடுத்த மனிதனுக்கு என்ன செய்தாய் என்ற கேள்வி நிற்கிறது. நொக்ஸ் அந்தக் கேள்வியில் தவறினார் என்பதே என் அபிப்பிராயம். அதற்காக ஓடைக்கரையில் நடந்தது பொய்யாகிவிடாது.

பிள்ளையை இழந்த தாய்க்கு என்ன பதில்? மாற்கு சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வலிப்பு நோய்க்காரப் பிள்ளையைக் கொண்டு வருகிறான். நம்புகிறேன் என்கிறான், அதே மூச்சில், என் நம்பாமைக்கு உதவி செய்யுங்கள் என்று அழுகிறான். பாதிதான் இருக்கிறது என்று அவனே ஒத்துக்கொள்ளுகிறான். இயேசு அவனை நிறுத்துப் பார்க்கவில்லை. குறைகிற பாதியைக் கேட்டு வாங்கவும் இடம் உண்டு என்று அந்தத் தகப்பன் காட்டினான். எல்லாப் பிள்ளையும் பிழைப்பதில்லை, அது ஏன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் பிழைக்காத பிள்ளையின் தாயைத் தராசில் ஏற்ற ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது, போதகராய் இருந்தாலும் சரி. அப்படிச் சொல்ல வருகிறவரை, "எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைப் படிச்சுட்டு வாங்க" என்று லயத்து வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நாளை மூதூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நொக்ஸ் பிடிபட்ட புளியமரத்தை வெள்ளைக்காரன் மரம் என்பார்கள். மரம் இப்போது இல்லை. அந்த இடத்துக்கு 1893இல் நினைவுக்கல் வைத்தார்கள். முன்பு லோஞ்சில் ஏற வேண்டும், அல்லது கிண்ணியாவில் பாதையில் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு தரை வழிப் பயணம் சுகம். காலை ஏழு மணிக்கு வாசலில் நில்லுங்கள். தண்ணீர்ப் போத்தலும் தலைக்கு ஒரு துண்டும் கொண்டு வாருங்கள், குளிருக்குப் பழகின உடம்புக்கு இந்த ஊர் வெயில் தாங்காது.