துணை நிற்பவருக்கும் ஒரு வேலி வேண்டும்

இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நம் மலாக்காத் தோட்டங்களிலும் உண்டு. பழைய நினைவுகளால் தூக்கமின்றித் தவிக்கும் ஒருவருக்கு, தாமும் படையில் இருந்தவர் அருகில் அமர்ந்து கேட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஆனால் அந்தத் துணைவரின் வீட்டைப் பாருங்கள். நடுஇரவில் தொலைபேசி மணி. சம்பள நாளில் கைமாற்று. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகவேண்டிய மனைவிக்கும் தூக்கமில்லை.

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் சமாரிட்டன்ஸ் தொண்டைத் தொடங்கினார். கோலாலம்பூரில் 1970-இல் பிஃப்ரெண்டர்ஸ் வந்தது. இத்தகைய இடங்களில் தொண்டர்கள் முறை வைத்துக் கேட்கிறார்கள். வீட்டு எண்ணைக் கொடுப்பதில்லை. அதனால்தான் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

நீங்களும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, புதனும் சனியும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன். ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன்." கடன் கொடுக்கவே வேண்டாம். வாங்கியவர் உங்களைக் கண்டால் சந்து வழியே ஒதுங்குவார். பிறகு யாரிடம் பேசுவார்? ஓய்வூதியச் சிக்கல் என்றால் படைவீரர் விவகார இலாகாவுக்கு மனு எழுத உதவுங்கள், போதும். மதுப் போத்தலுக்குத் துணை உட்காருவது உதவியே அல்ல.

கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். ஆனால் உயிரை விட்டுவிடுவேன் என்ற பேச்சு வந்தால் அந்த வாக்கும் கிடையாது, ஏழரை மணியும் கிடையாது. அவரைத் தனியே விடாமல் வீட்டாரிடம் சொல்லி, மலாக்கா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 999.